எக்ஸ்ரேக்காரி பிடித்த வெயில்

என் மனைவியின் தங்கைக்கு நான் இருபத்திரண்டாயிரம் கடன்பட்டிருந்தேன். வட்டிக்கு வாங்கியது இல்லை, கைமாற்றும் இல்லை. அவள் செய்த வேலைக்கு நான் கொடுக்காமல் வைத்திருந்த கூலி. முப்பத்தெட்டு வருடத் தொழிலில் ஒருவருடைய கூலியையும் நான் மறுநாள் வரை வைத்திருந்தது கிடையாது. கண்ணாடிக்காரன், லாரிக்காரன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவன் சொந்த மச்சினிக்குப் பதின்மூன்று நாள் தண்ணி காட்டினேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது. அந்தக் காரணம் தப்பு என்பது வேறு விஷயம்.

அலுமினியத்தில் ஜன்னல், கதவு செய்து கொடுப்பது என் தொழில். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என்னை வெளியே நிற்கச் சொன்னார். நான் திரும்ப உள்ளே போகவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு. வெளியே நின்றபோது பள்ளிக்கூடத்து ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று இந்த ஊரில் எந்தத் தெருவில் நின்று மேலே பார்த்தாலும் மூன்றில் ஒரு ஜன்னல் என்னுடையது. மீதி இரண்டில் மழைத்தண்ணீர் உள்ளே வரும். என்னை வெளியே நிறுத்திய வாத்தியாரின் மகன் வீட்டுக்கும் நான்தான் ஜன்னல் போட்டேன். சலுகை எதுவும் தரவில்லை.

மச்சினியின் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அவளுக்கு எக்ஸ்ரே என்றே பெயர். பெற்றவர்கள் வைத்தது வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்து மூன்று வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். ஜன்னல் இல்லாத அறை, சுவருக்குள் ஈயத் தகடு, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் மாலை ஆறுக்குத்தான் வெளியே வருவாள். வெளியே மழையா வெயிலா என்பதை நோயாளிகளின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "பொண்ணு பாக்க வர்றவனோட முதுகெலும்புதான்க்கா முதல்ல என் கண்ணுக்குத் தெரியுது. அப்புறம் எங்க வெக்கப்படுறது?" என்று என் மனைவியிடம் கேட்டாளாம். தன் காசில் வாங்கிய சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். யாரிடமும் கை நீட்டியதில்லை. அந்த ஒரு குணத்துக்காக அவளை எனக்குப் பிடிக்கும். மற்றபடி வாய் அதிகம்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு முட்டி வலி வந்தது. சென்டரில் இருந்த டாக்டரிடமே காட்டினாள். அவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "உங்க உடம்பு வெயிலையே பாத்ததில்ல போல. தினமும் அரை மணி நேரம் வெயில்ல நில்லுங்க" என்றார். நின்றாள். முதல் நாள் எதிர்வீட்டுக்காரர், "யாருக்காகக் காத்துட்டிருக்கீங்க?" என்று கேட்டார். இரண்டாம் நாள், "வீட்டுச் சாவி தொலஞ்சு போச்சா?" மூன்றாம் நாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "உக்காருங்க, பாவம்" என்றார். சும்மா நிற்பதற்கும் இந்த உலகத்தில் ஒரு காரணம் வேண்டும் என்று அன்று அவளுக்குப் புரிந்தது. பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். கையில் கேமரா இருந்தால் தெருவில் எத்தனை நேரம் நின்றாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவள் போட்டோ படிப்பில் சேர்ந்துவிட்டாள். சனி, ஞாயிறு காலையில் வகுப்பு. மூன்று டேர்ம் முடித்தால் டிப்ளமோ. வாத்தியாருக்கு இருபத்தொன்பது வயது. கூட உட்கார்ந்து படிப்பவர்கள் எல்லாம் அவளுடைய முதல் எக்ஸ்ரேக்குப் பிறகு பிறந்தவர்கள்.

அந்த வாத்தியாரின் சட்டம் இதுதான். முதல் டேர்ம் முழுக்க ஃப்ளாஷ் கூடாது, பல்பு கூடாது, டியூப் லைட் கூடாது. ஒரு வெள்ளை முட்டை, ஒரு ஜன்னல். வாரம் இருபது படம்.

"இதுக்கு ஃபீஸ் வேறயா?" என்று கேட்டேன்.

"வெளிச்சத்தப் பாக்கக் கத்துக் குடுக்கிறாங்க அத்தான்."

"அத எங்கப்பா எனக்கு ஓசியிலயே காட்டிட்டாரு. காலையில அஞ்சு மணிக்கு உதச்சு எழுப்பி."

அவள் வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல். கையை நீட்டினால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர் தட்டும். (அந்த ஜன்னல் நான் போட்டதில்லை.) அதனால் ஒரு சனிக்கிழமை மதியம் முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு என் ஷோரூமுக்கு வந்தாள். ஷோரூமில் முப்பத்தொரு ஜன்னல் மாட்டி வைத்திருக்கிறேன். தள்ளுவது, திறப்பது, மேலே தூக்குவது, எல்லா வகையும் உண்டு. முதல் ஜன்னலைத் தள்ளினாள். பின்னால் சுவர். இரண்டாவதைத் திறந்தாள். சுவர். மூன்றாவது, நான்காவது என்று வரிசையாகத் திறந்துகொண்டே போனாள்.

"அத்தான், முப்பத்தொரு ஜன்னல் வச்சிருக்கீங்க. ஒண்ணுலயும் வெளிச்சம் வரல."

"அது சாம்பிள்மா. வாங்குறவன் தொறந்து மூடிப் பாப்பான். வெளிச்சம் அவன் வீட்டுல வந்துக்கும்."

"அப்ப இது ஜன்னல் இல்ல, ஜன்னல் வேஷம்."

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

பட்டறைக்குப் பின்னால் குடோனில் நிஜ ஜன்னல் ஒன்று உண்டு. இடத்தை எனக்கு விற்றவன் காலத்து மரச்சட்டம், வடக்குப் பக்கம், ஒரு கீல் உடைந்தது. வெளியாள் யாரும் பார்க்காத ஜன்னலை எதற்கு மாற்றுவது என்று விட்டிருந்தேன். நான் செய்த அத்தனை ஜன்னலையும் தாண்டிப் போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். பழைய செய்தித்தாளை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். முட்டையை ஒரு டப்பா மேல் வைத்தாள். நான்கு வாரம் அதே இடம், அதே முட்டை. மாற்றக் கூடாதாம். வேறு முட்டை என்றால் வேறு வளைவு. நான்காவது வாரம் எலி செத்துவிட்டது என்று நினைத்து என் போர்மேன் குடோன் முழுவதையும் காலி செய்தான். கடைசியில் கிடைத்தது எலி இல்லை.

என்ன கற்றுக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் போய் நின்று பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. முட்டையை ஜன்னலை ஒட்டி வைத்தால் ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் கரி. நாலடி தள்ளி வைத்தால் வெள்ளையும் கறுப்பும் சமாதானமாகிவிடும். நிழல் பக்கத்தில் டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலை நிறுத்தினால் கறுப்புக்குள்ளேயும் கண் போகும். கறுப்புத் துணியை நிறுத்தினால் முட்டைக்கு ஒரு கனம் வந்துவிடும். ஜன்னலுக்குக் குறுக்கே வெள்ளைப் போர்வையைக் கட்டினால் வெயில் வடிகட்டி விழும். இந்தக் கடைசிப் பாடத்தில் என் வீட்டுப் போர்வை மூன்று காணாமல் போனது.

மேகமூட்டமாக இருந்தால் துணி துவைத்தவர்கள் எல்லாம் வானத்தைத் திட்டுவார்கள். இவள் மட்டும் சென்டருக்கு போன் போட்டு வயிற்றுவலி என்று லீவு சொல்வாள். மதிய வெயிலில் கேமராவைத் தொடவே மாட்டாள். என் மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் வந்து நின்றாள்.

"இப்ப எடுத்தா கண்ணு ரெண்டும் குழியாத்தான் தெரியும்க்கா. நாலரைக்கு வா."

"நாலரைக்குப் புடவை கசங்கிடும்டி."

"கசங்குன புடவைய இஸ்திரி போட்டுக்கலாம். குழி விழுந்த கண்ண என்ன பண்றது?"

இரண்டாவது டேர்ம், மனித முகம். இங்கேதான் பழைய தொழில் காலை வாரியது. ஆளை ஜன்னல் ஓரம் உட்கார வைப்பாள், தெர்மாகோலைச் சரி செய்வாள், எல்லாம் ஒழுங்காகப் போகும். கடைசியில் பட்டனில் விரல் வைத்ததும் வாய் தானாகச் சொல்லிவிடும்: "மூச்ச நல்லா இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க." டக். "ம், விடலாம்." என் மனைவியிடம், "கம்மல், செயின் எல்லாம் கழட்டி வச்சிட்டு வா" என்றுகூடச் சொன்னாள். அந்த மூன்று மாதத்தில் அவள் எடுத்த அத்தனை படத்திலும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, குளத்துக்குள் குதிக்கப் போகிறவர்கள் மாதிரிதான் எல்லாரும் இருந்தார்கள். வாத்தியார் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "லைட்டெல்லாம் பிரமாதம் மேடம். ஆனா இவங்க எல்லாரும் ஏன் தண்ணிக்குள்ள இருக்காங்க?" என்று கேட்டாராம். அதை எங்கள் வீட்டில் அவளே வந்து சொல்லிச் சிரித்தாள். தன்னைத்தானே கிண்டல் பண்ணத் தெரிந்தவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு பெரிய பில்டரிடமிருந்து ஆர்டர் வந்தது. அறுபத்து நான்கு ஜன்னல். அதை நம்பி வங்கியில் கடன் வாங்கிப் புது அறுக்கும் மிஷின் போட்டேன். ஜன்னல் சட்டத்தின் நான்கு மூலையும் நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டுப்பட வேண்டும். அப்போதுதான் சேர்க்கும்போது இடைவெளி இல்லாமல் உட்காரும். பழைய மிஷினில் அதைக் கை பார்த்துக்கொள்ளும், கண் பார்த்துக்கொள்ளும். புது மிஷினில் பட்டன் தட்டினால் எண் தெரியும், அவ்வளவுதான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பலகையில், 'மிஷின் தப்பு செய்யாது, மனிதன்தான் செய்வான்' என்று பெயிண்டில் எழுதிப் பட்டறை வாசலில் மாட்டினேன். வந்தவன் போனவனுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டினேன்.

பெரிய ஆர்டர் வந்தால் பெரிய மனிதனுக்கு ஒரு கேட்லாக் வேண்டும். முன்பு ஒரு ஸ்டுடியோக்காரனை வைத்து எடுத்திருந்தேன். நான்கு விளக்கைப் போட்டு எடுத்தான். எல்லாக் கண்ணாடியிலும் அவன் தொப்பைதான் தெரிந்தது. இந்த முறை மச்சினியைக் கூப்பிட்டேன்.

"இருபத்திரண்டு ஜன்னல். ஒண்ணுக்கு ஆயிரம். சரியா?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். "சரி அத்தான். கடைசி டேர்ம் ஃபீஸ் பத்தொன்பதாயிரம். இருபத்தஞ்சாம் தேதி நாலு மணிக்குள்ள கட்டலேன்னா பேரை எடுத்துடுவாங்க. இந்த வருஷத்தோட இந்தக் கோர்ஸே நிக்குதாம், அப்புறம் சேரவும் முடியாது. வீட்டுக் கூரை மாத்துனதுல கையில இருந்தது எல்லாம் போயிடுச்சு. முன்னாடியே கேட்டுக்கறேன், தேதி தவறாம குடுப்பீங்களா?"

"யாரப் பாத்து என்ன கேக்குற?" என்றேன்.

வேலை தொடங்கிய அன்றே தகராறு. சுவரில் மாட்டிய ஜன்னலைப் படம் எடுக்க மாட்டாளாம். "முதுகுக்குப் பின்னால வெளிச்சம் இல்லாத ஜன்னல எடுத்தா அது வெறும் சட்டம்" என்றாள். சென்டருக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், இருபத்திரண்டையும் பட்டறை முற்றத்துக்குத் தூக்கி வரச் சொன்னாள். ஸ்டாண்டில் நிறுத்தி, காலை ஏழு மணிக்கு ஒரு தரம், மாலை நாலரைக்கு ஒரு தரம். சூரியன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். என் ஆட்கள் முனகிக்கொண்டே சுமந்தார்கள். ஜன்னலிடமும் அவள், "அசையாதீங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

பன்னிரண்டாம் தேதி பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் பார்வையில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. அலுமினியம் வெள்ளி மாதிரி இருந்தது. இது நான் செய்ததா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு படத்தின் இடது கீழ் மூலையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கண்ணில் பட்டது. முடி அளவுக்கு. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"என்னம்மா இது, போட்டோல கீறல் விழுந்திருக்கு?"

"அது போட்டோல இல்ல அத்தான். ஜன்னல்ல இருக்கு."

"என்ன?"

"மூலையில சட்டம் சரியா ஒட்டல. பின்னால இருந்து வெயில் வருது. எங்க பாஷையில சொன்னா ஹேர்லைன் ஃப்ராக்சர். வெளிய பாத்தா வீக்கம்கூட இருக்காது, படத்துலதான் தெரியும்."

போர்மேனைக் கூப்பிட்டேன். அந்த ஜன்னலை மேசையில் படுக்க வைத்து, டியூப் லைட்டுக்குக் கீழே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். விரலால் தடவினேன். வழுவழு என்று இருந்தது.

"எப்படிடா இருக்கு?"

"நூல் புடிச்ச மாதிரி இருக்கு மொதலாளி" என்றான் அவன், என் முகத்தைப் பார்க்காமல்.

"கேட்டுக்கிட்டியா? முப்பத்தெட்டு வருஷமா ஜன்னல் செய்றவன் நான். நேத்து முட்டைய வச்சு வெளிச்சம் கத்துக்கிட்டவ எனக்கு மூலை சொல்லித் தர்றியா?"

படங்களை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்தாள். "பழைய மிஷின்ல வெட்டுனது பதிமூணு. ஒண்ணுலயும் கோடு இல்ல. புது மிஷின்ல வெட்டுனது ஒம்போது. ஒம்போதுலயும் இருக்கு. கேமரா கீறல்னா, எது புதுசு எது பழசுன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

இதற்குப் பதில் சொல்ல வராதவர்கள் என்ன செய்வார்களோ அதையே நான் செய்தேன். கத்தினேன். "கீறல் விழுந்த போட்டோவுக்கெல்லாம் என்கிட்ட காசு கெடையாது. வேணும்னா லைட்டு போட்டு ஒழுங்கா எடுத்துட்டு வா, அப்புறம் பேசலாம்."

"ஒடைஞ்ச எலும்ப ஒடையாத மாதிரி என்னால எடுக்க முடியாது அத்தான்" என்றாள். கேமராவைப் பையில் போட்டாள். கெஞ்சவில்லை. தேதியை ஞாபகப்படுத்தவும் இல்லை. போகும்போது வாசல் பலகையை ஒரு தரம் நின்று படித்துவிட்டுப் போனாள். அவள் அதைப் படித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோடு தெரிந்த படங்களில் இரண்டை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். ஒரே ஜன்னல்தான், காலையில் எடுத்தது ஒன்று, மாலையில் எடுத்தது ஒன்று. தண்ணீர் குடிக்கப் போனால் அது. பால் எடுக்கப் போனால் அது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. காலைப் படம் ஜன்னலின் ஒரு பக்கம், மாலைப் படம் மறுபக்கம். காலையில் இடது மூலையில் இருந்த கோடு மாலையில் வலது மூலையில் இருந்தது. கேமராவில் விழுந்த கீறல் என்றால் இரண்டிலும் ஒரே பக்கம்தானே இருக்க வேண்டும்? ஜன்னலைத் திருப்பினால் கீறலும் சேர்ந்து திரும்புகிறது. இது எனக்குப் பிடிபட எட்டு நாள் ஆனது. பிடிபட்ட பிறகும் அதை யாரிடமும் சொல்லாமல் ஐந்து நாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தைந்தாம் தேதி விடிந்தது. அன்றைக்குத்தான் அறுபத்து நான்கு ஜன்னலும் லாரி ஏற வேண்டும். பத்து மணிக்கு லாரி. தேநீர் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு மனைவி பதின்மூன்று நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"இன்னிக்கு நாலு மணியோட அவ படிப்பு முடிஞ்சுது. உங்களுக்கு நிம்மதியா?"

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மச்சினி சொன்னது பொய் என்று நிரூபித்துவிட்டு வந்து தேநீர் குடிப்பது என் எண்ணம். ஏழு மணிக்குப் பட்டறையில் யாரும் இல்லை. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். கட்டி வைத்திருந்த ஜன்னல்களில் ஒன்றை அவிழ்த்து முற்றத்துக்குத் தூக்கி வந்தேன். அவள் வைத்த அதே இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்தினேன். சூரியன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். குனிந்தேன்.

கோடு இருந்தது. மூலையிலிருந்து ஒரு ஊசி நீளத்துக்கு, பளிச்சென்று.

ஒரு குவளைத் தண்ணீரை மறுபக்கத்திலிருந்து ஊற்றினேன். இந்தப் பக்கம் நிதானமாகச் சொட்டியது. முப்பத்தெட்டு வருடமாக ஜன்னல் செய்கிறேன். மேசையில் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறேன், சுவரில் சாய்த்துப் பார்த்திருக்கிறேன், தலைக்கு மேலே டியூப் லைட் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்குப் பின்னால் வெயிலை வைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. ஜன்னல் என்பது எதற்கு என்று என் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

போர்மேன் எட்டரைக்கு வந்தபோது நான் நாற்பதாவது ஜன்னலில் இருந்தேன். என் சட்டை நனைந்திருந்தது. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தெரியுமாடா உனக்கு?"

தலையைக் குனிந்துகொண்டான். "மொத நாளே தெரியும் மொதலாளி. அரை டிகிரிகூட இல்ல, அதுக்கும் கம்மிதான். மூலை ஒட்டல. அதே கலர்ல பேஸ்ட் வாங்கி அடச்சேன். காஞ்சதும் சுருங்கிடுது."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்றது? மிஷின் தப்பு செய்யாது, மனுஷன்தான் செய்வான்னு நீங்கதான் எழுதி மாட்டியிருக்கீங்க. சொன்னா அந்த மனுஷன் நான்தான."

"பேஸ்ட்டுக்குக் காசு?"

"உங்க கணக்குலதான். மாசம் நாலு டப்பா."

இதற்கு மேல் அவனை என்ன கேட்பது? பலகையைக் கழற்றி அதன் மேலேயே உட்கார்ந்தேன். லாரிக்காரனைத் திருப்பி அனுப்பினேன். பில்டருக்கு போன் செய்து பத்து நாள் கேட்டேன். நான் தரம் பார்க்காமல் அனுப்புகிறவன் இல்லை என்றும் சொல்லி வைத்தேன். அது பொய் இல்லை, அனுப்பவில்லை. அறுபத்து நான்கில் நாற்பத்தொன்றில் கோடு; மீதி பழைய மிஷினில் வெட்டியது. மிஷின் கம்பெனி ஆள் பதினோரு மணிக்கு வந்து ஒரு திருகாணியைக் கால் சுற்று சுற்றினான். "ஃபிட் பண்ணும்போதே செக் பண்ணியிருக்கணுமே சார்" என்றான். அந்த நாற்பத்தொன்றும் பதினாலாவது மாடி வரை போய் மாட்டி, முதல் மழை பெய்திருந்தால், இத்தனை வருடப் பெயரும் சுவரோடு ஊறிப்போயிருக்கும்.

வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு ஸ்கேன் சென்டருக்குப் போனபோது மணி ஒன்றரை. வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

"நான் எக்ஸ்ரே எடுக்கிற அம்மாவோட சொந்தக்காரன்மா."

"சொந்தக்காரங்களுக்கும் டோக்கன் உண்டு சார். எங்க அடி?"

"மூக்குல" என்றேன். எழுதிக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நம்பர். கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டவர் ஒரு பக்கம், இருமுகிறவர் மறுபக்கம். சுவர்க் கடிகாரத்தை அன்று அங்கே என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் யாரும் இல்லை. இரண்டு மணிக்குப் பதினொன்றாம் நம்பர். இரண்டரைக்குப் பதினாறு. கூப்பிட்டபோது இரண்டு ஐம்பது. உள்ளே ஈய அங்கியோடு நின்றிருந்தவள் சீட்டையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு அத்தான்?"

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகாதவங்க வெளிய போங்க. பத்துப் பேர் காத்திருக்காங்க."

"லாரிய நிறுத்திட்டேன்" என்றேன்.

அவள் அங்கியின் கட்டை அவிழ்த்தாள். "எத்தன?"

"நாப்பத்தொண்ணு."

"எந்த மூலை?"

"கீழ. இடது."

"நான் எந்த மூலை சொன்னேன்?"

"கீழ. இடது."

"அப்ப கீறல் எதுல இருந்துச்சு?"

"ஜன்னல்ல."

"கேக்கல. மூச்ச நல்லா இழுத்துட்டுச் சொல்லுங்க."

"ஜன்னல்லதான் இருந்துச்சு, போதுமா!" வெளியே இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

அந்த நிலையிலும் தொழில் புத்தி விடவில்லை. "சொந்தத்துக்குள்ளதான, இருபதுக்கு முடிச்சுக்கலாமா? ஃபீஸ் போகக் கையில ஆயிரம் நிக்கும்" என்றேன்.

"இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு" என்றாள்.

"ஐந்நூறு எதுக்கு?"

"இங்க படம் எடுக்க ஒரு சார்ஜ். படிச்சுச் சொல்ல ஒரு சார்ஜ். உங்களுக்குப் படிச்சுச் சொன்னேன்ல?"

நாற்பத்தொரு ஜன்னலை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் பேரம் பேசவில்லை. கேட்ட காசை அப்படியே நான் கொடுத்த இடம் என் வாழ்க்கையில் இரண்டுதான், மற்றது பிரசவ ஆஸ்பத்திரி. பையிலிருந்து கட்டை எடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இங்க வேணாம். இந்த இருட்டுல உங்கள நம்ப முடியாது. வெளிச்சத்துல எண்ணுங்க."

தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு ஜன்னல். பதினோரு வருடத்துக்கு முன்னால், பழைய மிஷினில், நானே கை வைத்து வெட்டியது. முதலில் குனிந்து அதன் நான்கு மூலையையும் பார்த்துக்கொண்டேன். கோடு இல்லை. மூன்று மணி வெயில் கண்ணாடி வழியாக அவள் கைமேல் விழுந்தது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தாள். ஐந்நூறு தாளாக வைத்துக்கொண்டே போனேன். நானும் எண்ணினேன், அவளும் உதடு அசையாமல் எண்ணினாள். நாற்பத்து நான்கோடு நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தேன். விரித்த கை விரித்தபடியே இருந்தது. அடுத்த தாள் என் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. எச்சில் தொட்டுப் பிரித்து வைத்தேன். நாற்பத்தைந்து.